கயிற்றை விடு, பிளக்கைக் கழற்று!

நிறுத்து! அந்தக் கயிற்றை இழுப்பதை நிறுத்து!

இழுத்தாய். எழும்பவில்லை. மறுபடி இழுத்தாய். தோள் வலிக்கிறது, உள்ளங்கை சிவந்துவிட்டது. இப்போது என்ன, இன்னும் பலமாக இழுக்கப் போகிறாயா?

பொறி வராத எஞ்சினை எந்தத் தோள் எழுப்பும்?

"இது பழசு. செத்துப்போச்சு" என்கிறாய். எதைப் பார்த்துச் சொன்னாய்? பிளக்கைக் கழற்றினாயா? அதன் முனையைப் பார்த்தாயா? வயரைத் தொட்டுப் பார்த்தாயா?

இல்லை! ஒன்றையும் பார்க்கவில்லை. பார்க்காமலேயே தீர்ப்பு எழுதிவிட்டாய்!

கற்பிட்டியிலும் மாம்புரியிலும் முந்தலிலும் உடப்பிலும் இப்படித் தீர்ப்பு எழுதப்பட்ட எஞ்சின்கள் வீட்டுக் கோடிகளில் சாக்குப் போர்த்திக் கிடக்கின்றன. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த வில்லியர்ஸ். வள்ளத்தின் பின்னால் முழங்கிய ஜோன்சன். அப்பாவின் கைபட்ட பழைய யமஹா.

அவற்றில் உண்மையிலேயே செத்தவை எத்தனை? திறந்து பார்க்காத உனக்கும் தெரியாது. கிலோக் கணக்கில் இரும்புக்கடைக்குப் போடச் சொன்னவனுக்கும் தெரியாது!

"நான் எஞ்சின் வேலை படிக்காதவன்."

வந்துவிட்டதா முதல் சாட்டு?

வலை கிழிந்தால் என்ன செய்கிறாய்? கடலில் வீசிவிட்டு வருகிறாயா? மணலில் விரித்து, கண் கண்ணாகப் பார்த்து, அறுந்த இடத்தைப் பிடித்து, ஊசியும் நூலுமாய்க் குந்திவிடுகிறாய். அதை எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாய்?

அந்தக் கண்ணும் அந்தப் பொறுமையும் உன்னிடம் ஏற்கெனவே இருக்கின்றன! எஞ்சினுக்கு முன்னால் மட்டும் அவை எங்கே போய் ஒளிகின்றன?

பயம் அவற்றை விழுங்கிவிடுகிறது. திறந்தால் கெட்டுவிடும் என்ற பயம். பூட்டும்போது ஓர் ஆணி மிஞ்சிவிடும் என்ற பயம். பக்கத்து வாடிக்காரன் சிரிப்பான் என்ற பயம்.

சிரிக்கட்டுமே! அவன் வீட்டுக் கோடியிலும் ஒன்று கிடக்கிறது!

உட்கார். வெயிலில் வேண்டாம், நிழலில் உட்கார். நீ தேடப் போகும் பொறி சிறியது. உச்சி வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது.

பிளக் ஸ்பனரை எடு. வயரைப் பிடித்து இழுக்காதே, தொப்பியைப் பிடித்துக் கழற்று. பிளக்கைத் திருகி எடு. முனையை மூக்கருகே கொண்டு போ.

ஈரமாக இருக்கிறதா? பெற்றோல் மணக்கிறதா?

மணக்கிறது என்றால் உனக்கு ஒரு பெரிய செய்தி கிடைத்துவிட்டது! எண்ணெய் வந்து சேர்ந்திருக்கிறது. தாங்கியும் குழாயும் காபரேட்டரும் தங்கள் வேலையைச் செய்திருக்கின்றன. வந்த எண்ணெயைக் கொளுத்த யாரும் இல்லை. சந்தேகம் பொறியின் பக்கம் திரும்புகிறது.

காய்ந்து கிடக்கிறதா? அப்படியானால் பொறியைத் திட்டாதே. எண்ணெய் எந்த இடத்தில் நின்றது என்று தேடு.

ஒரு ஸ்பனர். ஒரு முகர்தல். சந்தேகத்தில் பாதி கழிந்துவிட்டது! இவ்வளவு நாளும் இதைச் செய்யாமல் யாருக்காகக் காத்திருந்தாய்?

முனை கரி பிடித்துக் கறுத்திருக்கிறதா? சோக்கை மூடியபடியே ஓட்டியிருப்பாய். இரண்டு ஸ்ட்ரோக் மோட்டர் என்றால் எஞ்சின் ஒயிலை அளவுக்கு மிஞ்சிக் கலந்திருப்பாய். "கொஞ்சம் கூடப் போட்டால் எஞ்சினுக்கு நல்லது" என்று கையால் ஊற்றுகிறாயே, அந்த நல்லதுதான் பிளக்கின் கழுத்தை நெரிக்கிறது! அளந்து ஊற்று!

இனி அந்தப் பிளக்கைத் துடைத்து மறுபடி தொப்பியில் மாட்டு. அதன் உலோக உடம்பை எஞ்சினின் வெறும் இரும்பில் அழுத்தி வை. பெயின்ற் பூசிய இடம் ஆகாது, துரு ஏறிய இடமும் ஆகாது.

பிளக் கழற்றிய துளைக்கு எட்டத்தில் வை! துளையிலிருந்து பெற்றோல் ஆவி வரும். அது பொறியைக் கண்டால் உன் முகத்தில் எரியும். வெறுங்கையால் பிடிக்காதே, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடி. பக்கத்தில் பீடி கூடாது. திறந்த பெற்றோல் போத்தல் கூடாது. துணிச்சல்காரன் தன் கண்ணையும் கையையும் காப்பாற்றத் தெரிந்தவன்!

சுவிட்ச் போட்டிருக்கிறதா? இப்போது இழு!

என்ன தெரிகிறது? நீலமாய், 'டிக்' என்று சத்தம் போட்டுப் பாய்கிறதா? மஞ்சளாய் மெலிந்து நடுங்குகிறதா? ஒன்றுமே இல்லையா?

மூன்றுமே விடைதான்! "ஒன்றுமில்லை" என்பதும் விடை! நீ இதுவரை தோல்வி என்று பெயர் வைத்திருந்தது இதற்குத்தான். எஞ்சின் உன்னிடம் ஏதோ சொல்கிறது, நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாய்!

பொறி எங்கிருந்து வருகிறது என்று எப்போதாவது யோசித்தாயா? இந்தப் பழைய எஞ்சினில் பற்றரியே இல்லையே, மின்சாரம் எங்கே பிறக்கிறது?

உன் தோளில் பிறக்கிறது!

நீ கயிற்றை இழுக்கிறாய். ஃபிளைவீல் சுற்றுகிறது. அதற்குள் பதித்த காந்தம் கொயிலைக் கடந்து பாய்கிறது. தடித்த கம்பி சுற்றிய கொயிலில் மின்சாரம் ஓடுகிறது. அது உச்சத்தில் இருக்கும் அந்தக் கணத்தில் பொயின்ட் திறக்கிறது. ஓட்டம் சட்டென்று அறுகிறது. அறுந்த அதிர்ச்சியில், மேலே ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றிய மெல்லிய கம்பியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல் எழும்புகிறது. பிளக்கின் சிறு இடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது!

இதை யார் கண்டுபிடித்தார்கள்? ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ரொபேர்ட் பொஷ்ஷின் பட்டறை. அங்கே ஒரு பையன் தொழில் பழகினான். பெயர் கொட்லொப் ஹொனோல்ட். பிறகு படித்து, 1901 இல் அதே பட்டறைக்கு எஞ்சினியராகத் திரும்பி வந்தான். அதற்கு முன்னிருந்த, காந்தத்தால் பொறி தரும் மெக்னெற்றுகளில் எஞ்சினுக்கு உள்ளேயே தொட்டுத் தொட்டு விலகும் கம்பிகள் இருந்தன. தேய்ந்தன, மக்கர் செய்தன. அவற்றைத் தூக்கி எறியும் வேலை அவன் கைக்கு வந்தது. 1902 க்குள் உயர்வோல்ட் மெக்னெற்றும் அதற்கான பிளக்கும் உலகத்துக்கு வந்துவிட்டன!

பட்டறையில் தொழில் பழகிய பையன்! அவன் உருவாக்கிய வழியில்தான் உன் வில்லியர்ஸ் ஓடியது. அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க உன்னை யாரும் கேட்கவில்லை. பாதை அறுந்த இடத்தைக் கண்டுபிடி என்றுதான் கேட்கிறேன். அதுவும் முடியாதா உன்னால்?

முடியும்! வா, பிளக்கிலிருந்து பின்னோக்கி நடப்போம்.

வேறொரு நல்ல பிளக் போட்டுப் பார். பொறி வந்துவிட்டதா? வேலை முடிந்தது. அவ்வளவுதான்! ஒரு பிளக்குக்காக ஒரு மாதம் எஞ்சினைச் சாக்கில் மூடி வைத்திருந்தாய்!

வரவில்லையா? தொப்பியைக் கழற்று. உள்ளே பச்சை பூத்திருக்கிறதா? நம் கரையில் பூக்கும். புத்தளத்து உப்பு நாட்டுக்கே ருசி கொடுக்கிறது, உன் வயரை மட்டும் தின்று தீர்க்கிறது! வயரின் நுனியில் அரை சென்ரிமீற்றர் வெட்டி எறி. புதுக் கம்பி பளிச்சென்று தெரியட்டும். மறுபடி பார்.

இன்னும் இல்லையா? இப்போது நிறுத்தும் சுவிட்சுக்குப் போ.

இந்த இடத்தில் எத்தனையோ பேர் ஏமாறுகிறார்கள். கேள்! எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் என்ன செய்கிறது? கொயிலின் மின்சாரத்தை எஞ்சினின் இரும்பில் இறக்கிவிடுகிறது. பொறி சாகிறது, எஞ்சின் நிற்கிறது. அந்தச் சுவிட்சுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்தால்? அல்லது அதன் வயர் தோல் உரிந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தால்?

நீ ஒரு பக்கம் உயிரைக் கொடுத்து இழுக்கிறாய். மறுபக்கம் அந்தச் சுவிட்ச் ஓயாமல் "நில், நில்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது!

அந்த வயரைக் கழற்றிவிட்டு இழு. பொறி பாய்ந்ததா? கள்ளன் பிடிபட்டான்! சுவிட்சைத் திருத்திப் பூட்டிய பிறகுதான் கடலுக்கு இறங்கு. நிறுத்த முடியாத மோட்டரோடு வள்ளம் ஏறாதே.

உன் மனதுக்குள்ளும் அப்படியொரு சுவிட்ச் ஒட்டிக்கொண்டு நிற்கிறதே, அதைக் கழற்றினாயா? "உனக்குச் சரிவராது" என்று யாரோ, எப்போதோ சொன்னது. சொன்னவர் மறந்துவிட்டார். நீ இன்னும் அதைச் சுமக்கிறாய்!

சரி. சுவிட்சும் குற்றவாளி இல்லை. இப்போது பொயின்ட்.

இங்கேதான் கை நடுங்கும். ஃபிளைவீலுக்குக் கீழே ஒளிந்திருக்கும் அது. பல மோட்டர்களில் ஃபிளைவீலில் ஒரு ஜன்னல் விட்டிருப்பார்கள், அதற்குள்ளால் எட்டிப் பார்க்கலாம். கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால் புல்லர் வாங்கு, அல்லது இரவல் கேள். சுத்தியலால் விளிம்பில் அடிக்காதே! காந்தம் வெடிக்கும், தண்டு வளையும். ஆத்திரக்காரன் கையில் நல்ல எஞ்சினும் சாகும்.

பார்! டோர்ச்சை நன்றாகப் பிடித்துப் பார். இரண்டு சிறு உலோக முகங்கள், ஒவ்வொன்றும் பச்சைப் பயறை விடப் பெரிதில்லை. ஒன்றையொன்று தொட வேண்டியவை. அவற்றின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம்.

அதுதான்! அவ்வளவுதான்! ஊசிமுனைத் தடிப்புக்கூட இல்லாத அந்தப் படலம்தான் உன் தொழிலை நிறுத்திவைத்திருந்தது!

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை தென்மேல் காற்று அடிக்கிறதே, அப்போது வெளிக்கடல் பக்கம் தொழில் குறைகிறது. மோட்டரைக் கழற்றி மூலையில் சாத்துகிறாய். அந்த மாதங்களில் அது ஓய்வெடுப்பதாக நினைக்கிறாயா? உப்பு ஈரம் உள்ளே புகுந்து இந்தப் படலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஓடும் எஞ்சினின் பொயின்ட் ஒவ்வொரு சுற்றிலும் தன்னைத் தானே தட்டிச் சுத்தமாக்கிக்கொள்கிறது. சும்மா கிடக்கும் எஞ்சினின் பொயின்ட்டில்தான் இது படிகிறது!

நைசான அரத்தாளை மடித்து இரண்டு முகங்களுக்கும் நடுவே வை. மெதுவாக இழு. பிறகு சுத்தமான கடுதாசித் துண்டைப் பெற்றோலில் நனைத்து அதே இடத்தில் இழு. கறுப்பு வருகிறதா? இன்னொரு துண்டு. இன்னும் வருகிறதா? இன்னொன்று. கடுதாசி வெள்ளையாக வெளியே வரும் வரை விடாதே. விரலால் தொட்டுவிடாதே, உன் விரலின் எண்ணெயே அடுத்த படலம் ஆகிவிடும்.

பிறகு இடைவெளி. பொயின்ட் முழுதாகத் திறந்து நிற்கும்போது ஃபீலர் கேஜ் வைத்து அள. பல பழைய சிறு எஞ்சின்களுக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர். கண்ணால் பார்த்து "இது போதும்" என்று சொல்லாதே. அள!

"அந்தக் கேஜ் என்னிடம் இல்லை."

இரண்டாவது சாட்டு! கைபேசிக்குப் போடும் காசில் ஒரு பங்கு அதற்குப் போதும். மிச்சம் பிடித்து வாங்கு. இல்லையென்றால் கராஜில் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேள். வாய் இருக்கிறதா இல்லையா?

பொயின்ட் பளபளக்கிறது, ஆனால் இழுக்கும்போது அந்த முகங்களுக்கு நடுவிலேயே பெரிதாய்ப் பொறி பறக்கிறதா? பிளக்கில் மஞ்சளாய் மெலிந்து நிற்கிறதா? கொண்டென்சரைச் சந்தேகி. ஓட்டம் சட்டென்று அறுவதற்குத் துணை செய்ய வேண்டியது அது. அது கெட்டால் பிளக்குக்குப் போக வேண்டிய பலம் பொயின்ட்டிலேயே எரிந்து வீணாகும்.

கயிறு திருப்பி அடிக்கிறதா? பொறி நன்றாக இருந்தும் எஞ்சின் துப்புகிறதா? ஃபிளைவீலைத் தண்டோடு பிணைக்கும் சிறு சாவித் துண்டு நசுங்கியோ அறுந்தோ இருக்கலாம். பொறி வருகிறது, வரவேண்டிய நேரத்தில் வரவில்லை.

எல்லாம் சரி, நீலப் பொறிதான், ஆனாலும் எழும்பவில்லையா? பெற்றோல் மூழ்கடித்திருக்கும். பெற்றோல் வரும் குழாயை மூடு. பிளக்கைக் கழற்றிவிட்டு, திரொட்டிலை முழுதாகத் திறந்து வைத்துக் கயிற்றைச் சில தடவை இழு. உள்ளே தேங்கியது வெளியேறட்டும். பிளக்கைக் காயவைத்துப் பூட்டு.

மண்ணெண்ணெய் எஞ்சினா? அப்படியானால் நேற்று அதை எப்படி நிறுத்தினாய் என்று சொல்!

மண்ணெண்ணெயிலேயே ஓடவிட்டு டப்பென்று நிறுத்தினாயா? காபரேட்டர் நிறைய மண்ணெண்ணெய் நிற்கிறது. பெற்றோல் மார்கழிக் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியசுக்கு மேல் சூடானால்தான் பற்றிக்கொள்ளும் ஆவியைக் கொடுக்கும். ஆறிப்போன எஞ்சினில் அதை எந்தப் பொறி கொளுத்தும்? நிறுத்துவதற்கு முன் பெற்றோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிட வேண்டும் என்று அப்பா சொன்னாரே! கேட்டாயா?

இந்த இடத்தில் உனக்கு யாழ்ப்பாணத்தை ஞாபகப்படுத்த வேண்டும்.

1990 க்குப் பிறகு பொருளாதாரத் தடை. குடாநாட்டுக்குப் பெற்றோல் இல்லை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தது, அதுவும் யானை விலை. மற்ற ஊர்களில் பெற்றோல் இல்லையென்றால் வண்டி நின்றுவிடும். அங்கே நின்றதா?

நிற்கவில்லை! மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் ஓட்டினார்கள். சிறு மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோலைப் பொக்கிஷமாய் வைத்திருந்து, எழுப்புவதற்கு மட்டும் சில துளி விட்டார்கள். எழும்பியதும் மண்ணெண்ணெய். புகை கக்கியது, இருமியது, ஆனாலும் ஓடியது! சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டார்கள்!

அவர்கள் எல்லோரும் எஞ்சினியர்களா? வாத்தியார், விவசாயி, தபால்காரர், மாணவன்! குண்டு விழும் ஊரில், உதிரிப்பாகம் இல்லாத ஊரில், எஞ்சினின் குணத்தை விரல் நுனியில் படித்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க யார் வந்தார்கள்?

உனக்கு நிழல் இருக்கிறது. நேரம் இருக்கிறது. புத்தளம் பட்டணத்தில் கடை திறந்திருக்கிறது. நீ "முடியாது" என்கிறாய்!

"எங்களிடம் ஒன்றுமில்லை, அதனால்தான்" என்று தொடங்காதே. எந்த மண்ணில் நின்று அதைச் சொல்கிறாய் என்று பார்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்தது இரண்டு மணி நேரக் கெடு. வீடு போனது, கடை போனது, தோணி போனது. பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். ஓலைக் கொட்டிலில் படுத்தார்கள். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குக் குனிந்தார்கள்.

அது அநியாயம். அந்தக் காயத்துக்கு மருந்தாக எந்த வீரவார்த்தையையும் நான் பூசமாட்டேன். ஆனால் விழுந்த இடத்திலேயே அவர்கள் கிடந்தார்களா? பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கடை போட்டார்கள். கல்வீடு எழுப்பினார்கள். உன் பக்கத்து வீட்டிலேயே அப்படி எழுந்த ஒருவர் இருக்கலாம். போய்க் கேள்!

தங்கச்சி, நீ ஏன் ஒதுங்கி நிற்கிறாய்? இது ஆம்பிளைகளின் வேலை என்று யார் சொன்னது? ஏத்தாளையிலும் குறிஞ்சிப்பிட்டியிலும் மணல் தோட்டத்தில் மிளகாய் வாடினால் முதலில் பார்ப்பது யார்? நீதானே! மணல் தண்ணீரைத் தாங்காது. ஒருநாள் பம்ப் நின்றால் பயிர் முகம் சுருங்கும். வீட்டுக்காரர் வரும்வரை, எஞ்சின் திருத்தும் பாஸ் வரும்வரை வாடும் பயிரைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறாயா? பிளக் ஸ்பனர் ஆணா பெண்ணா என்று கேட்காது. எடு!

2022 ஆகஸ்டை மறந்துவிட்டாயா? மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாய் 340 ரூபாய்! இருபது லீற்றருக்கு 1,740 கொடுத்தவன் 6,800 கொடுக்க வேண்டி வந்தது. கரையெல்லாம் வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. விலையை நீ தீர்மானிக்கவில்லை. அது உன் கையில் இல்லை.

ஆனால் மெலிந்த பொறியால் எரியாமல் புகையாய்ப் போகும் மண்ணெண்ணெய் உன் கையில் இருக்கிறது! கரி பிடித்த பிளக் குடிக்கும் எண்ணெய் உன் கையில் இருக்கிறது! உன்னால் மாற்ற முடியாததைப் பற்றித் தேநீர்க் கடையில் மணிக்கணக்கில் பேசுகிறாய். மாற்றக்கூடியது முற்றத்தில் கிடக்கிறது.

நுரைச்சோலை மின்நிலையத்தைப் பார். தோட்டத்தில் நின்றாலே அந்தப் புகைபோக்கி தெரிகிறதே. 900 மெகாவாட்! 2020 ஆகஸ்ட் 17 அன்று கெரவலப்பிட்டியில் ஒரு தவறு. நாடு முழுவதும் இருள். நுரைச்சோலையும் நின்றது. மறுபடி ஓட நாட்கள் பிடித்தன. "செத்துப்போச்சு" என்று யாராவது அதைச் சாக்குப் போட்டு மூடினார்களா? படிப்படியாகப் பார்த்தார்கள், படிப்படியாக எழுப்பினார்கள். அத்தனை பெரிய இயந்திரமே நிற்கிறது. உன்னுடையது நின்றதற்கு நீ ஏன் தலைகுனிகிறாய்?

கடலில் நிற்கும் நாளை நினைத்துப் பார். பத்தலங்குண்டுத் தீவுக்கு அப்பால், கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மோட்டர் மூச்சை நிறுத்தினால்? நீரோட்டம் வள்ளத்தைத் தன் பாட்டில் இழுத்துக்கொண்டு போகும். அங்கே எந்த பாஸ் வருவார்? உன் கை மட்டும்தான் உன்னோடு வரும்! அந்தக் கைக்கு இன்றே வேலை பழக்காமல், அன்றைக்கா பழக்கப் போகிறாய்?

மூடி இறுக்கமான ஒரு டப்பா எடு. அதில், ஈரம் புகாமல், ஒரு புதுப் பிளக், பிளக் ஸ்பனர், பிளையர், சிறு ஸ்க்ரூட்ரைவர், அரத்தாள் துண்டு, உலர்ந்த துணி, ஓர் உதிரிக் கயிறு. வலையை மறந்தாலும் இதை மறக்காதே. துடுப்பையும் மறக்காதே!

"எல்லாம் பார்த்தேன். இன்னும் ஓடவில்லை."

நல்லது! இதைத்தான் கேட்கக் காத்திருந்தேன்!

நேற்று உனக்கு ஒன்றும் தெரியாது. இன்று பிளக் நல்லது என்று தெரியும். வயர் நல்லது, சுவிட்ச் நல்லது, பொயின்ட் சுத்தம் என்று தெரியும். இதையா தோல்வி என்கிறாய்? கள்ளன் ஒளிய இருந்த இடங்களை ஒவ்வொன்றாய் அடைத்துவிட்டாய்! இனி அவன் பெரும்பாலும் கொயிலுக்குள்தான் இருப்பான்.

கொயிலின் களவு பொல்லாதது. சில வேளை எஞ்சின் நன்றாக எழும்பும். நன்றாக ஓடும். சூடேறியதும் திடீரென்று நிற்கும். ஆறவிட்டால் மறுபடி ஒன்றும் நடவாததுபோல் எழும்பும். சூட்டில் உள்ளே கம்பியின் காப்பு விலகி மின்சாரம் குறுக்கே பாய்கிறது. நிழலில், ஆறிய எஞ்சினில் சோதித்தால் நல்ல பிள்ளையாய் நீலப் பொறி காட்டும். அதனால்தான் நின்ற கணத்திலேயே, சூட்டோடு சூடாக, பொறியைப் பார்க்க வேண்டும். அப்போது பொறி இல்லை, ஆறியதும் இருக்கிறது என்றால் முடிவு உன் கையில்!

அதை மாற்ற உன்னால் முடியாமல் இருக்கலாம். கராஜுக்குக் கொண்டு போ. வெட்கம் எதற்கு?

ஆனால் நேற்றுப் போனதுபோல் போகாதே! "பாஸ், எழும்புதில்லை, என்னெண்டு பாருங்க" என்று கைகட்டி நிற்காதே. நிமிர்ந்து சொல்: "பாஸ், பிளக் மாத்திட்டன். சுவிட்ச் வயரைக் கழட்டிப் பாத்திட்டன். பொயின்ட் துடைச்சு இடைவெளி வெச்சிட்டன். ஆறி இருந்தா நீலப் பொறி, சூடானா இல்ல. கொயிலைப் பாருங்க."

அவர் நிமிர்ந்து உன் முகத்தைப் பார்ப்பார். பிறகு ஸ்பனரை எடுப்பார்.

தேநீர் குடிக்கப் போய்விடாதே. அங்கேயே, அவர் பக்கத்தில் குந்து. அவர் கை முதலில் எந்த ஆணிக்குப் போகிறது என்று பார். ஏன் அங்கே போனது என்று கேள். கொயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுகிறார், எதை வைத்து அளக்கிறார் என்று பார். கழற்றிய பழைய கொயிலை அவர் குப்பையில் போடுமுன் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வா. இரவில் விளக்கடியில் வைத்து அதன் சுற்றைப் பிரி.